நடுவில் ஓடும் நாடி

அந்த எக்ஸ்ரே படத்தை நான் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தபோது, படத்துக்குரியவரை அடக்கி நாற்பது நாள் கடந்திருந்தது. அவருடைய மகன் தன் உம்மாவை ஸ்கேன் பண்ணுவதற்காகக் கூட்டி வந்திருந்தார். வீட்டிலிருந்த மருத்துவத் துண்டுகள் எல்லாம் ஒரே பையில். அதற்குள் வாப்பாவின் படமும் மடிந்து கிடந்தது. வேறாளுடையது என்று ஒதுக்கி வைக்கப் போனவன், பெயரைக் கண்டதும் எடுத்து மாட்டினேன். முள்ளந்தண்டுக்கு இடப்பக்கமாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வளைந்து போனது. பெருநாளுக்கு முதல்நாள் மஃரிபுக்குப் பிறகு மேற்கே தேடுவோமே, அந்தத் தலைப்பிறை போல. சுண்ணாம்பு படிந்த பெருநாடியின் சுவர் அது. நேராக இறங்க வேண்டியது வில்லாகப் புடைத்திருந்தது.

அந்த மனிதரை ஸ்கேன் பண்ணியவன் நான்தான். நிந்தவூர்ப் பக்கத்து வயற்காரர், எழுபது தாண்டியவர், பீடியை விடாதவர். இடது விலாவில் வலி என்று வந்தார். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் விலா வலி என்றால் முதல் நினைப்பு கல்தான். வட்டையில் வெயிலில் நின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து உழைக்கிற ஆட்கள். அவருக்கும் கல் இருந்தது. இடது சிறுநீரகத்தில், 4 மில்லிமீற்றர். கல்லைக் கண்டதும் என் கை நின்றுவிட்டது. எழுதிக் கொடுத்தேன். புரோப்பை நாலு விரற்கடை நடுவுக்கு நகர்த்தவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போன இடத்தில் சரிந்தார். லுஹரோடு ஜனாஸாத் தொழுகை முடிந்தது. ஊர் சொன்னது, ஹார்ட் அட்டாக்.

"வாப்பா கடைசியில என்ன சொன்னார்?" என்று மகனிடம் கேட்டேன்.

"முதுகு உளையுது எண்டார். அதுக்கு முன்னமே ஒருக்கா சொல்லியிருக்கார், வகுத்துக்குள்ள நெஞ்சு மாதிரி அடிக்கிது எண்டு. நாங்க வாயுவாக்கும் எண்டு பெருங்காயம் குடுத்த."

வயிற்றுக்குள் நெஞ்சு அடிக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பதை அந்த மனிதர் நாலு சொல்லில் சொல்லியிருக்கிறார். கேட்க ஆளில்லை. அவர் அதனால்தான் இறந்தார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஐம்பது வயது தாண்டிய எந்த ஆணின் வயிற்றையும், எதற்காக வந்திருந்தாலும், நடு நாடியைப் பார்க்காமல் நான் துடைத்து அனுப்பியதில்லை.

எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குப் பெயர் தொகுதிப் பெருநாடி. இதயத்திலிருந்து கிளம்பி வளைந்து, முள்ளந்தண்டுக்கு முன்னால் இறங்கி, தொப்புள் அளவில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். சுவர் தளர்ந்து அது 3 சென்ரிமீற்றருக்கு வந்துவிட்டால் அனூரிசம் என்கிறோம். சைக்கிள் ரியூப்பில் ஓரிடம் மட்டும் நைந்து புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புடைக்கப் புடைக்க அந்த இடத்துச் சுவரின் இழுவிசை கூடும். இழுவிசை கூடக் கூட இன்னும் புடைக்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. வெடிக்கும்போதுதான் தெரியும். வெடித்தவர்களில் பாதிப் பேர் வைத்தியசாலை வாசலையே காண்பதில்லை. எல்லோரையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் போய்விடுகிறார்கள். புகைப்பதுதான் முதற்காரணம். வயது, ஆணாக இருப்பது, உயர் இரத்த அழுத்தம், கூடப் பிறந்தவருக்கு இருப்பது எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன.

வேறு நோயாக வேஷம் போடுவதும் இதன் குணம். ஐன்ஸ்டீனுக்கு 1948இல் நியூயோர்க்கில் ருடோல்ஃப் நிசென் வயிற்றைத் திறந்து, புடைத்த நாடியைச் செலோஃபேன் தாளால் சுற்றிவிட்டார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் செய்ய வழியில்லை. 1955 ஏப்ரலில் அது கசிந்தபோது வலி பித்தப்பை அழற்சி போலத்தான் தோன்றியது. இரண்டாவது சத்திரசிகிச்சையை அவர் மறுத்துவிட்டார். உலகம் அறிந்த மனிதருக்கே பித்தப்பை என்று தோன்றியது, நிந்தவூர் வயற்காரருக்குக் கல் என்று தோன்றியதில் என்ன வியப்பு என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் ஐன்ஸ்டீனின் வைத்தியர்களிடம் ஸ்கேன் இயந்திரம் இல்லை. என் கையில் இருந்தது.

பார்ப்பது கடினமான வேலை இல்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஜெல் தடவி, புரோப்பைக் குறுக்காக வைத்து அழுத்தினால் முள்ளெலும்பின் வெள்ளை வளைவு தெரியும். அதன் மேல் இரண்டு கறுப்பு வட்டங்கள். நோயாளியின் வலப்பக்கத்தில் இருப்பது பெருநாளம். மூச்சோடு சுருங்கி விரியும். இடப்பக்கத்தில் இருப்பது பெருநாடி. அது தன் பாட்டில் துடிக்கும். அதைத் தொப்புள் வரை பின்தொடர்ந்து போய், ஆக அகலமான இடத்தில் முன்பின்னாக அளக்க வேண்டும். கைதேர்ந்தவருக்கு ஒரு நிமிடம் போதும். எதிரி, குடல் வாயு. புரோப்பைப் பொறுமையாக அழுத்தி, வாயு ஒதுங்கும்வரை காத்திருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் அசருக்கு முன் வருகிறவர்களின் வயிறு போலத் தெளிவான வயிறு எனக்கு வேறெப்போதும் கிடைத்ததில்லை. ஸ்கேன் பண்ணினால் நோன்பு முறியுமா என்று கேட்டுக்கொண்டே படுப்பார்கள். உடம்புக்குள் ஒன்றும் போவதில்லை என்று சொல்லிச் சொல்லி, அந்த மாதத்தில் நிறைய நாடிகளைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஓரிடத்தில் கண் ஏமாறும். புடைப்புக்குள் இரத்தம் உறைந்து, சுவரையொட்டிச் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். நடுவில் இரத்தம் ஓடும் வழி மட்டும் கறுப்பாக, ஒழுங்கான அளவில் தெரியும். அந்தக் கறுப்பை மட்டும் அளந்து 2.2 என்று எழுதிவிட்டால், 5 சென்ரிமீற்றர் அனூரிசம் வீட்டுக்குப் போய்விடும். அளக்க வேண்டியது சுவரிலிருந்து சுவர். சுவரின் உள்விளிம்பா வெளிவிளிம்பா என்பதிலும் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. இங்கிலாந்தின் பரிசோதனைத் திட்டத்தில் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு. சில மில்லிமீற்றர் வித்தியாசம்தான். ஆனால் 5.5 என்ற எல்லையில் நிற்கிறவருக்கு, கத்திக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பதை அந்தச் சில மில்லிமீற்றர்தான் தீர்மானிக்கிறது. ஒரே ஆளை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அள, எப்படி அளந்தாய் என்று எழுதி வை. என்னிடம் பழகிய தம்பிமாருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

அந்த 5.5 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில்தான் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒழுங்காக வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. 4 முதல் 5.5 சென்ரிமீற்றர் வரை அனூரிசம் உள்ள 1,090 பேரை பிரித்தானியாவில் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே சத்திரசிகிச்சை. மறுபகுதிக்கு ஸ்கேன் மூலம் கண்காணிப்பு. 1998இல் முடிவு வந்தது. உடனே வெட்டியதால் ஆயுள் கூடவில்லை. நெஞ்சு முதல் அடிவயிறு வரை கீறி, பெருநாடியை இடுக்கியால் பிடித்து நிறுத்திச் செய்கிற வேலை அது. சிறிய புடைப்பு வெடிக்கக்கூடிய ஆபத்தைவிட அதன் ஆபத்துக் குறைவில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த இதே போன்ற ஆய்வும் அதையே சொன்னது. அதனால்தான் 5.5 வரை காத்திருக்கிறோம். பெண்களுக்கு நாடி சிறியது. புடைப்புச் சிறிதாக இருக்கும்போதே வெடிக்கும். அவர்களுக்கு 5.

தேடிப் பார்ப்பதால் உயிர் மிஞ்சுமா என்ற கேள்விக்கு 2002இல் லான்செற் சஞ்சிகையில் பதில் வந்தது. 65 முதல் 74 வயது வரையான 67,800 ஆண்கள். ஒக்ஸ்ஃபோர்ட், போர்ட்ஸ்மத், சவுத்ஹாம்ப்டன், வின்செஸ்டர் என்ற நாலு இடங்களில் பாதிப் பேரை ஸ்கேனுக்கு அழைத்தார்கள், பாதிப் பேரை அழைக்கவில்லை. நாலு வருடத்தில் அனூரிசத்தால் இறந்தவர்கள் அழைத்த பக்கத்தில் 65, அழைக்காத பக்கத்தில் 113. அந்தக் கட்டுரையில் என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு. வெடிக்கும் முன் திட்டமிட்டுச் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு 30 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 6. அவசரமாகச் செய்ததில் 37. அதுவும் சத்திரசிகிச்சைக் கூடம் வரை உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களில். இதன்பின் இங்கிலாந்து 2009இல் தொடங்கி, 65 வயதாகும் எல்லா ஆண்களையும் கடிதம் போட்டு அழைக்கிறது. 3 முதல் 4.4 வரை என்றால் வருடம் ஒரு முறை, 4.5 முதல் 5.4 வரை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்ப அளக்கிறார்கள்.

மருதமுனையிலிருந்து ஒரு ஹாஜியார் என்னிடம் வந்தது சிறுநீர்ப் பிரச்சினைக்காக. அறுபத்தெட்டு வயது, வாழ்நாள் முழுக்கக் கைத்தறி. புரோஸ்டேட்டைப் பார்த்து முடித்து, வழக்கம்போல் மேலே ஏறி நடுவுக்கு வந்தேன். 6.1 சென்ரிமீற்றர். வட்டம் திரையை நிறைத்து நின்று துடித்தது. மூன்று முறை அளந்தேன். என் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

"சொல்லுங்க டொக்டர் மகன். மறைக்க வாணா."

சொன்னேன். கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் இந்தச் சத்திரசிகிச்சைக்கு நான் அனுப்பிய எல்லோரும் கண்டிக்கோ கொழும்புக்கோதான் போனார்கள். அம்பாறை, மகாஓயா, மகியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு. கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். வெடித்த பிறகு அந்தப் பாதையில் ஒருவரை ஏற்றுவது என்றால் என்ன என்று அம்பியூலன்சில் கூடப் போன தாதிமாரைக் கேட்டால் சொல்வார்கள். வெடிக்கும் முன் என்றால் பஸ்ஸிலேயே போகலாம். ஹாஜியார் பஸ்ஸில்தான் போனார். இலவச வைத்தியம் உள்ள நாட்டில் பிறந்ததற்கு நான் மனதார அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன நாட்களில் அதுவும் ஒன்று. ஒரு நெசவாளிக்கு அவ்வளவு பெரிய சத்திரசிகிச்சை, கைக்காசு கொடுக்காமல் நடந்தது.

மூன்று மாதம் கழித்து வந்து, சேட்டை உயர்த்தித் தழும்பைக் காட்டினார். பிறகு, என்னை யாரும் அதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"உள்ளுக்கு வச்சது துணிக் குழாயாம். பெரிய டொக்டர் சொன்னார். அது நெய்ததா மகன், பின்னினதா?"

எனக்குத் தெரியவில்லை. அவருடைய டயக்னோசிஸ் காட்டை விரித்துப் பார்த்தேன். நெய்த டேக்ரோன் என்று எழுதியிருந்தது.

"நெய்ததெண்டா நல்லம். பின்னினா கண்ணு விடும். ரெத்தம் கசிஞ்சிரும்."

அன்றிரவு வாசித்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. பின்னிய குழாய் வளைந்து கொடுக்கும், தைக்க இலகு. ஆனால் இழைகளுக்கிடையே இரத்தம் கசியும். அதனால் முற்காலத்தில் நோயாளியின் இரத்தத்திலேயே அதை நனைத்து, உறையவிட்டுப் பொருத்தினார்கள்; பிற்பாடு புரதப் பூச்சோடு குழாய்கள் வந்தன. 1951இல் பாரிசில் சார்ள்ஸ் டூபோ முதன்முதலாக அனூரிசத்தை வெட்டியெடுத்து இணைத்தபோது, இறந்தவர் ஒருவரின் நாடியைத்தான் பயன்படுத்தினார். ஹியூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி துணிக்கடைக்கு நைலோன் வாங்கப் போய், அது தீர்ந்து போனதால் டேக்ரோன் என்ற புதுத் துணியை வாங்கி வந்து, வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். தையல் அவருக்குத் தாய் பழக்கியது. இதை ஹாஜியாரிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பாவும் ஊடும் தெரிந்த அந்தக் கைகள் மடியில் கிடந்தன. "எங்கட தொழில்தான்" என்றார்.

அவருக்கு மூன்று சகோதரர்கள். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவது எங்கள் கரையின் வழக்கம் என்பதால், ஒருவர் சாய்ந்தமருதில், ஒருவர் அக்கரைப்பற்றில், ஒருவர் ஊரிலேயே. மூவரையும் வரச் சொல்லி ஹாஜியாரே ஆளனுப்பினார். அக்கரைப்பற்றில் இருந்தவருக்கு 3.4. சிகரெட்டை அன்றோடு விட்டார். வருடத்துக்கொரு முறை வந்து அளந்துகொண்டு போகிறார்.

நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். ஓய்வு பெற்ற அதிபர் ஒருவருக்கு 3.6 என்று கண்டு, வழியோடு சொல்வது போலச் சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அவர் மனைவி அழுதுகொண்டு வந்தார். மனிதர் சைக்கிளை விட்டுவிட்டார், பேரப்பிள்ளையைத் தூக்குவதில்லை, சுஜூதில் குனியப் பயந்து கதிரையில் இருந்து தொழுகிறார். அந்த அளவில் ஒரு வருடத்துக்குள் வெடிப்பது மிக மிக அரிது. அதை நான் முதலிலேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். தேடிப் பார்ப்பது சுகமாக இருப்பவர்களையும் நோயாளியாக்கும். ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால், அதோடு எப்படி வாழ்வது என்பதையும் கூடவே கொடுக்க வேண்டும். அதிபர் இப்போது பேரனைத் தூக்குகிறார்.

வயிற்றைக் கீறாமல் தொடை நாடி வழியாகக் குழாயை ஏற்றி உள்ளேயே விரிக்கும் முறையை ஹுவான் பரோடி 1990இல் புவனஸ் அயர்சில் தொடங்கினார். 2004இல் வந்த பிரித்தானிய ஆய்வில் 30 நாள் இறப்பு அம்முறையில் 1.7 சதவீதம், திறந்து செய்ததில் 4.7. எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். அதே நோயாளர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்து 2016இல் எழுதியபோது, அந்த முன்னிலை கரைந்து போயிருந்தது. குழாயின் ஓரத்தால் கசிவு, பழைய புடைப்பு மறுபடி வளர்வது, இரண்டாம் மூன்றாம் முறை வேலை. அதை வைத்தவர் சாகும்வரை படம் எடுத்துப் பார்க்க வேண்டும். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது, இறக்குமதிச் சாமானை நம்பிய எந்தச் சிகிச்சையும் எங்களுக்கு எட்டாமல் தள்ளிப்போனதைக் கண்ணால் கண்டேன். பெற்றோல் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், கண்டிக்கு ஒரு ஸ்கேனுக்குப் போய்வர ஆளில்லை. ஆகவே பொத்துவிலிலோ அட்டாளைச்சேனையிலோ இருக்கும், உடல் தாங்கக்கூடிய ஒருவருக்கு, ஒரேயடியாகத் திறந்து செய்துவிடுவதே நல்லது என்பது என் கணிப்பு. மூச்சுக்கும் இதயத்துக்கும் தெம்பில்லாதவருக்குத்தான் மற்றது.

அப்படியானால் இங்கிலாந்து மாதிரி எங்கள் கரையிலும் 65 வயது ஆண்கள் எல்லோரையும் அழைக்க வேண்டுமா? ஒரு காலத்தில் ஆம் என்று மேடையில் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். லெஸ்டர் நகரில் 2009இல் வெளியிட்ட கணக்கில், ஸ்கேன் செய்த வெள்ளை இன ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 5 பேருக்கு அனூரிசம். ஆசிய வம்சாவளி ஆண்களில் 200க்கு ஒருவர்கூட இல்லை. புகைப்பது குறைந்ததால் இங்கிலாந்திலேயே இப்போது அது 1 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது குறைவாக வருகிறது, மெல்ல வளர்கிறது என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. எங்கள் கரையில் நீரிழிவு நிறைய. வீடுதோறும் இருக்கும் மெட்ஃபோமின் குளிசையே வளர்ச்சியைத் தடுக்குமா என்று சோதிக்கிறார்கள். டொக்சிசைக்ளினும் புரொப்ரனலோலும் முன்பு தோற்றுப்போன பரீட்சை அது.

ஆனால் லெஸ்டரின் ஆசியர் எங்கள் ஆட்கள் இல்லை. பதினைந்து வயதில் பீடியைத் தொட்டு, எழுபது வயதுவரை வலை இழுத்த சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளியை அந்தக் கணக்கில் யார் சேர்த்தார்கள்? எங்களிடம் எங்கள் எண் வேண்டும். அது கிடைக்காமல் போவதற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் தயங்குகிறோம். வீட்டில் திடீரென்று இறந்த முதியவருக்கு மாரடைப்பு என்று எழுதி, அடுத்த வக்துக்குள் அடக்கிவிடுகிறோம். மையித்தை வெட்டிப் பாருங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. என் வாப்பாவுக்கும் நான் அதை விரும்பவில்லை. அந்த மரியாதையைக் காக்கிற நாங்கள், உயிரோடு இருக்கும்போதே பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். புதிதாக இயந்திரம் வாங்கத் தேவையில்லை. சிறுநீரகம், ஈரல், புரோஸ்டேட் என்று தினமும் எத்தனையோ முதியவர்களின் வயிற்றில் புரோப் வைக்கப்படுகிறது. அதே கட்டிலில், அதே ஜெல்லில், ஒரு நிமிடம். கண்ட அளவை ஒரு வரியில் எழுதினால், சில வருடங்களில் கல்முனையின் எண் தானாக வந்துவிடும். என் கொப்பிகளில் நான் அப்படித்தான் எழுதி வைத்தேன். ஒருவரின் கொப்பி ஆராய்ச்சியாகாது. பத்து இடத்தில் ஒரே விதமாக எழுதினால் ஆகும்.

நிந்தவூர் மகனிடம் அந்தப் படத்தைக் காட்டி, என் கை எங்கே நின்றது என்பதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப என்ட வகுத்தையும் பாருங்க டொக்டர்" என்று சாரனைத் தளர்த்திப் படுத்தார். அவருக்கு 1.9. அதை அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.

இதை வாசிக்கிறவர்கள், புகைத்த பழக்கமுள்ள, 65 தாண்டிய உங்கள் வாப்பாவையோ மாமாவையோ அடுத்த முறை எந்த ஸ்கேனுக்காவது கூட்டிப் போகும்போது, ஜெல்லைத் துடைக்கும் முன் கேளுங்கள்: "பெருநாடி எத்தனை சென்ரிமீற்றர்?" அந்த எண்ணை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.